கடல் வற்றிய பாதை

முத்துவீரன் தேயிலை மலையில் பிறந்து, இனக்கலவரத்துக்குப் பிறகு முருங்கனில் குடியேறியவன். தலைமன்னாரில் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் கிளம்பினான். பெரிய ரோட்டை ஆமிக்காரர் துப்பாக்கியோடு மறித்திருந்ததால் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் இறங்கினான். மணலில் டயர் புதைந்தது. மலை ஏற்றத்தில்கூட அவன் சைக்கிளை இப்படித் தோளில் சுமந்ததில்லை.

கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த செபஸ்தியம்மாவிடம், "அக்கா, தலைமன்னாருக்கு லேசான பாதை இருக்குங்களா?" என்று கேட்டான்.

"ஓம். கடல் வத்தட்டும், போங்கோ."

அவனுக்குச் சுருக்கென்றது. கடல் வற்றினால் கருவாடு தின்னலாமென்று காத்திருந்து, உடல் வற்றிச் செத்த கொக்கை யாருக்குத் தெரியாது?

"வழி தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லுங்க. நான் என்ன கொக்கா?" என்று சீறிவிட்டு, களைப்பில் அங்கேயே உட்கார்ந்தான். அவள் சிரித்துக்கொண்டே மீனைப் புரட்டினாள்.

வெயில் சாயும்போது தலைநிமிர்ந்தவன் எழுந்தே விட்டான். கடல் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அது விலக விலக, ஈரமணல் தார் ரோடு போல இறுகி, வானத்தை அப்படியே தன்மேல் விரித்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம்வரை மின்னியது.

தயங்கித் தயங்கி ஏறி மிதித்தான். டயர் புதையவில்லை, மேகங்களின் மேல் ஓடியது. சற்றுமுன் அலை நின்ற இடத்தில் தான் போவதை நம்பமுடியாமல் அவனுக்குக் கண் கலங்கியது.

"அண்ணை, நில்லுங்கோ!" பின்னால் ஓடிவந்த செபஸ்தியம்மா, கரியரில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைச் செருகினாள்.

"கொக்குக்குக் குடுத்துவைக்கேல்லை. நீங்கள் தின்னுங்கோ."