ஒன்றரை லீற்றர் வீரம்

மண்கும்பானில் கதிர்காமுவின் காணிக்கு மூன்று வருசத்துக்கு முந்தி ஓர் அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். பளிங்குக் கல். தன் பெயர் வெயிலில் வெளுத்துவிடக் கூடாது என்று கல்லுக்கு மேலே நாலு தூண் நிறுத்தித் தகரமும் போடுவித்தார். ஆறு குடும்பங்களுக்கு வீடு என்று நாட்டிய இடத்தில் இன்றுவரை ஒழுகாத கூரை அந்தக் கல்லுக்கு மட்டும்தான் இருக்கிறது.

ஆறு குடும்பங்களும் கல்லுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே இருக்கின்றன. கடற்றொழில் செய்கிற சனம். அவர்களுடைய சொந்தக் கரை கடற்படை முகாமின் முட்கம்பிக்குள் போய்விட, பதினொரு வருசத்துக்கு முந்தி இந்த வெறுங்காணியில் வந்து குந்தினார்கள். காணிக்காரர் கதிர்காமு கனடாவில். காணி உறுதி அவர் பெயரில் இருப்பது உண்மை. முப்பத்தைந்து வருசமாக அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அரசாங்க அதிபரின் கச்சேரி இரண்டு உண்மையையும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டி, அதன் மேல் வசதியாக ஏறி இருந்துவிட்டது.

இப்போது வீட்டுத்திட்டம் திரும்ப உயிர்த்திருந்தது. கூடவே ஒரு விதியும் வந்திருந்தது. காணியில் யார் உண்மையாக வசிக்கிறாரோ அவருக்கே வீடு. காணிக்காரர் தரப்பு அங்கேயே வசித்தால் காணி அவர்களுக்கு. மற்றவர்களின் பெயர் வெட்டப்படும். இதைக் கேள்விப்பட்ட கதிர்காமுவின் பெறாமகன், தம்பி மகன் பிரசாந்தன், யாழ்ப்பாணத்தில் வாகனம் வாங்கி விற்கிறவன், காணியின் கிழக்கு மூலையில் ஒரே கிழமைக்குள் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டான். போட்ட கையோடு, தானும் மனைவியும் மூன்று வருசமாக அதில்தான் சீவிப்பதாக எழுதியும் கொடுத்தான்.

அதை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தவர் அந்தப் பகுதிக் கிராம அலுவலர், விதானையார் தயாபரன்.

தயாபரனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் துணிவு வேண்டும். பிரசாந்தன் தொலைபேசியில் ஒரு பெரிய இடத்துக் குரலைப் பிடித்து அவர் காதில் வைத்தான். கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் ஒரு விதானைக்கு வெற்றிடம் இருக்கிறது என்று மட்டும் அந்தக் குரல் சொன்னது. தயாபரனுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். கையெழுத்தை வைத்தார். அதற்குப் பிறகு நாலு நாளாகக் கண்ணாடி பார்க்காமல் தடவித் தடவியே சவரம் செய்தார். நாடியில் இரண்டு வெட்டு.

ஐந்தாம் நாள் கச்சேரியிலிருந்து மேலதிகாரி, பெரியவர், நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அன்றைக்கே முடிவு. அவர் வருவதற்கு முதலே போய் நின்ற தயாபரனை, கிடுகுக் கொட்டில் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மரியநாயகி தலை நிமிர்த்திப் பார்த்தாள். அவளுடைய மனிசன் குருசுமுத்து கடலுக்குப் போயிருந்தான்.

"விதானையார், பதினொரு வருசமா நான் பதிவுக்கு உங்களிட்டை வாறன். உந்தத் தகரத்துக்கு இன்னும் பதினொரு நாள் ஆகேல்லை. உங்கட கண்ணுக்கு எது முதல் தெரிஞ்சது?"

பதில் இல்லாத கேள்விகளுக்குச் சிரிப்பதுதான் தயாபரனின் வழக்கம். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பெரியவரின் வாகனம் வந்து அடிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. பிரசாந்தன் ஓடி வந்து கதவைத் திறந்தான். மூன்று வருசத்துச் சீவியத்தை அவன் சுற்றிக் காட்டிய அழகைப் பார்க்க வேண்டும். கோழிக்கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு வெள்ளைக் கோழிகள் இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றன. மண்ணைக் கிளற வேண்டும் என்று அவற்றுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கலண்டரின் தாள்களை ஒரே இழுப்பில் கிழித்ததில் இரண்டு மாதம் கூடுதலாக வந்துவிட, வெளியே புரட்டாதி வெயில் எரிக்க, கொட்டிலுக்குள் மட்டும் கார்த்திகை பிறந்திருந்தது. அவனுடைய மனைவி நிலாந்தினி அடுப்படியில் நின்றாள். அடுப்பில் நெருப்பும் இல்லை, கரியும் இல்லை.

பெரியவர் இவற்றில் ஒன்றையும் காணவில்லை. அவர் கடிதத்தைப் பார்க்க வந்தவர். கடிதம் ஒழுங்காக இருந்தது. அங்காலைக் கொட்டில்களைப் பற்றிக் கேட்டபோது பிரசாந்தன் குரலைத் தணித்தான்.

"உதுகள் கடற்கரைச் சனம் சேர். எங்கை விட்டாலும் இருக்குங்கள்."

பெரியவர் தலையாட்டினார். தலையாட்டுவதற்குத்தான் சம்பளம். நிலாந்தினி குளிர்பெட்டியிலிருந்து சோடா எடுத்து வந்தாள். தனக்குச் சீனி வருத்தம் என்று அவர் கையை விரித்தார்.

"தயாபரன், வாகனத்துக்கை என்ர தண்ணிப் போத்தல் கிடக்கு. எடுத்து வாரும்."

தயாபரன் போனார். ஒன்றரை லீற்றர்ப் போத்தல். மூடி இன்னும் உடைக்கவில்லை. கையில் எடுத்தபோது பின்னால் பிரசாந்தனின் குரல் கேட்டது. அப்பப்பா வெட்டின கிணறு, தண்ணி தேன் மாதிரி, அதை விட்டுப் போக மனமில்லாமல்தான் இங்கேயே கிடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கிணற்றைத் தயாபரனுக்குத் தெரியும். அந்தப் பகுதியில் இருக்கிற நாய்களுக்கும் தெரியும். ஒன்றும் அதில் வாய் வைப்பதில்லை. பச்சை உவர்.

பிறகு நடந்ததைத் திட்டம் என்று சொன்னால் தயாபரனுக்கு அளவுக்கு மிஞ்சிய மரியாதை கொடுத்ததாகிவிடும். மூடியைத் திருகினார். குடித்தார். அரைவாசியில் வயிறு போதும் என்றது. பெரியவர் எட்டிப் பார்ப்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் விட்டார்.

"அண்ணை, அது சேரின்ர தண்ணி," என்றான் சாரதி.

"தெரியும்," என்றார், ஏப்பத்தோடு.

வெறும் போத்தலோடு திரும்பி வந்து, களைப்பில் குடித்துப்போட்டன் சேர், மன்னிக்க வேண்டும் என்றார்.

"முழுக்கவோ?"

"ஓம் சேர்."

மாடுகூட இடையில் மூச்சு விடும் என்றார் பெரியவர். பிறகு பிரசாந்தனிடம் திரும்பி, அந்தத் தேன் தண்ணியில் ஒரு வாய் தரச் சொன்னார். பிரசாந்தனின் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. தன்னுடைய கிணறு என்று சொல்லத்தான் அவனுக்குத் தெரியும்; குடித்துப் பார்த்ததில்லை. சந்தோசமாக அள்ளி, வெள்ளிக் குவளையில் கொடுத்தான்.

பெரியவர் பதவிக்குத் தகுந்தபடி விழுங்கத்தான் பார்த்தார். உப்புக்குப் பதவி தெரியாது. வெள்ளைக் கோழிகளின் மேல் துப்பினார். அவை அப்போதுதான் முதல்முறையாக நகர்ந்தன.

"மூண்டு வருசமா உதைத்தான் குடிக்கிறீரோ?"

"பழகீட்டம் சேர்."

"அப்ப குடியும் பாப்பம்."

பிரசாந்தன் குடித்தான். ஒரு மிடறு இறங்கியது. இரண்டாவது மூக்கால் வந்தது. பெரியவர் நிலாந்தினியைப் பார்த்தார். தான் விரதம் என்றாள் அவள், கையில் திறந்த சோடாவோடு.

மரியநாயகி எழும்பி வந்தாள். தண்ணீர் சேர்த்து வைக்கும் நீலப் பரலிலிருந்து அள்ளி ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் நீட்டினாள். "சாட்டியிலையிருந்து வாற நல்ல தண்ணி சேர். செவ்வாயும் வெள்ளியும் தண்ணிப் பவுசர் வரும், தலைக்கு ரெண்டு வாளி. உந்தக் கிணறு கால் கழுவத்தான்."

பெரியவர் இரண்டு கோப்பை குடித்தார். பிறகு அவருக்குள் நீதி பொங்கியது. பதினொரு வருசக் கிடுகுக்காகவோ முட்கம்பிக்காகவோ அல்ல, நாக்குக்காக. அரசாங்கத்துக்குப் பொங்குகிற இடம் அது. அந்த இடத்திலேயே அறிக்கை சொல்லத் தொடங்கினார். தயாபரன் நின்றபடியே எழுதினார். மேற்படி வதிவிடக் கடிதம் தவறுதலாக வழங்கப்பட்டது என்ற வசனத்தையும் அவரே எழுதினார். ஆறு குடும்பத்தின் பெயர்களும் வந்தன, ஞானஸ்நானப் பெயர்களோடு முழுசாக. இந்தச் சனத்துக்கு இவ்வளவு நீளத்துக்கு ஏன் பெயர் வைத்தார்கள் என்று முதல்முறையாக அவருக்குக் கவலை வந்தது. ஒன்றரை லீற்றரும் தன் வழியைத் தேடிக்கொண்டிருந்தது. கால்களைப் பின்னிக்கொண்டார். கடைசியில் கையெழுத்து நடுங்கியது. பெரியவர் அதைக் குற்றவுணர்வு என்று நினைத்து மன்னித்தார்.

போகும்போது பிரசாந்தன் கார்க் கண்ணாடியை இறக்கி, "விதானையார், நெடுந்தீவுக்கு விடிய வெள்ளனவா வள்ளம் வெளிக்கிடும். மறந்துபோகாதேயும்," என்றான். தயாபரன் அதைக் கேட்டார். ஆனால் அப்போது அவருக்கு அதைவிட அவசரமான துயரம் இருந்தது.

மரியநாயகியிடம் கூச்சத்தோடு மலசலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"அது வீட்டோடைதானே விதானையார் வரும். இப்போதைக்கு ஆம்பிளையள் அந்தக் கல்லுக்குப் பின்னாலை."

அமைச்சரின் தகரத்துக்குக் கீழே தயாபரன் வெகுநேரம் நின்றார். அரசாங்கம் அந்தக் காணியில் கட்டிய ஒன்றாவது ஒரு மனிதனுக்கு உதவிற்று. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கல்லில் பெயரும் தெரியவில்லை, திகதியும் தெரியவில்லை. அப்பால் கடல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் வயிறு புரண்டது. வேறு பக்கம் திரும்ப வசதியில்லாத நிலை, பொறுத்துக்கொண்டார்.

கை கழுவ வந்தபோது கிணற்று வாளிக்குக் கையை நீட்டினார். மரியநாயகி அதைக் காலால் தள்ளிவிட்டு நீலப் பரலின் மூடியைத் திறந்தாள். அடுத்த பவுசர் வெள்ளிக்கிழமைதான், வேண்டாம் என்றார். அவள் கேளாமல் அவர் கையில் ஊற்றினாள்.

"குடிக்கவும் தரட்டோ?" என்று கேட்டாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

தயாபரன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.