மதில்மேல் ஓடும் சாமி

இந்த முறை யார்மேல் சாமி இறங்கும் என்று பனிமலை மடத்தில் லாமாக்கள் சீட்டுக் குலுக்க, நோர்பெல்லின் பெயர் போட்ட மாவுருண்டை கிண்ணத்திலிருந்து துள்ளி விழுந்ததும் ஊரே அவன் அக்கா குன்ஸேஸுக்கு வெள்ளைத் துண்டு போட்டுக் கொண்டாடியது. தம்பிமேல் சாமி இறங்கப் போகிறது, அக்காக்காரிக்கு வேறென்ன வேண்டும்? அன்று போன தூக்கம் அவளுக்குத் திரும்பவேயில்லை.

சாமி இறங்கியவர் திருவிழாவின் இரண்டு நாளும் கண்ணைக் கட்டிக்கொண்டு மடத்துக் கோட்டையின் மதில்மேல் ஓட வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் எழுதிய கண்களால் சாமி பார்த்துக்கொள்ளுமாம். மதிலுக்கு இந்தப் பக்கம் முற்றம், அந்தப் பக்கம் பாதாளம். மதில்மேல் பூனைக்காவது கண் தெரியும்.

முதல் நாள் காலை வெண்ணெய்த் தேநீர் கொண்டுபோன அக்காவின் கையை நோர்பெல் இறுகப் பிடித்தான்.

"அச்சே, சாமி வரல."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "என்னடா சொல்ற?"

"மாசக்கணக்கா இருட்டறையில ஜபம் பண்ணேன். குளிருதான் வந்துச்சு."

"பெரிய லாமாகிட்ட சொல்லிடு."

"சொன்னா, சாமி ஊரைக் கைவிட்டுடுச்சுன்னு அழுவாங்க. போன வருஷமே பார்லி பொய்ச்சுப் போச்சு. அந்தப் பழி எனக்கு வேணாம். சின்ன வயசுலேர்ந்து அந்த மதில்ல பனி தள்ளினவன், காலுக்குத் தெரியும். முற்றம் எந்தப் பக்கம்னுதான் தெரியணும். சாமிகிட்ட யாரும் கேள்வி கேக்கலாம்ல? முற்றத்துக் கொடிமரத்தடியில நின்னு நீ கேட்டுக்கிட்டே இரு. உன் குரலை வச்சு ஓடிடுவேன்."

தாரைகள் முழங்கின. கறுப்புத் துணி முகத்தை மூட, கையில் வாளோடு அவன் மதிலேறினான்.

"சாமி! பனி நல்லா விழுமா?" என்று கத்தினாள் குன்ஸேஸ். "சாமி! மாடு எப்பக் கன்னு போடும்? ஆப்பிரிகாட் காய்க்குமா?"

"தம்பிங்கறதுக்காக சாமியை இந்தப் பிடுங்கு பிடுங்கறியே! மத்தவங்க கேக்க வேணாமா?" என்று பக்கத்து வீட்டு லாஸேஸ் அவள் இடுப்பில் இடித்தாள். குன்ஸேஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பனிக்காற்று உப்புத்தாள் மாதிரி தொண்டையைத் தேய்த்தது.

மதிலின் மூலையில் அவன் திரும்பியபோது கூட்டம் ஒரே குரலாக ஆர்ப்பரித்தது; அவள் குரல் அதில் அமுங்கியது. அவன் தடுமாறினான். ஒரு கால் வெளிப்பக்கம், வெறும் காற்றில் நீண்டது. அவளுக்குக் கேள்வியே வரவில்லை. வாயில் வந்ததைக் கத்தினாள்.

"சாமி! என் செருப்பு எங்கே?"

முற்றம் கொல்லென்று சிரித்தது. அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது. கால் உள்ளே வந்தது. மறுபடியும் ஓடினான்.

மதிலை விட்டு இறங்கியதும் அறையில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். குளிரில் பல் தந்தியடித்தது. அவள் அவன் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான், அது போதும் என்றிருந்தது.

"செருப்பு எங்கேன்னா கேட்ட?" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு அவள் அங்கி நுனியைப் பற்றிக்கொண்டான். "நாளைக்கும் ஓடணும், அச்சே. கேப்பல்ல?"

கேட்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாளெல்லாம் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.