பள்ளிக்கு எழுதிய மருத்துவ அட்டை

1

வேனில் மெல்ல வந்து அமர்கிறது. காற்று தன் நடையை மறந்து மரங்களின் அடியில் நிற்கிறது. நிழல் சுவரோடு ஒட்டிக் குறுகுகிறது. நண்பகல், பேச்சடங்கிய அவைபோலத் தெருவெங்கும் கனத்துக் கிடக்கிறது. பள்ளிகளில் ஆண்டு முடியும் பருவம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்க்கும் பருவமும் இதுவே.

இக்கதை எனக்குக் கிடைத்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகர்மன்றத்தின் பழைய கோப்பு ஒன்றில் (தேடியது வேறு) மன்றம் நடத்தும் பள்ளி ஒன்றின் செவிலி நிரப்பிய மருத்துவ அட்டையைக் கண்டேன். பிள்ளையின் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் பள்ளியின் பெயர் இருந்தது. மற்றவை என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'செவிலியின் மகள், பன்னிரண்டு வயதினள், தன் காயைத் தானே தாங்காத பூசணிக்கொடிபோல —'

(உவமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை அந்தப் பெண் படிப்பாளே என்று ஒரு கணம் தோன்றியது. அடித்துவிட்டேன்.)

மறுபடியும்: 'நாவை வெல்லாதவர் வேறெதை வென்றாலும் —'

(அறிவுரை. பன்னிரண்டு வயதின் தலையில் ஏற்றக்கூடிய சுமை அன்று.)

நம் முன்னோர் பாட்டுக்கு இலக்கணம் வகுத்தபோது நிலத்தையும் பொழுதையுமே முதற்பொருள் என்றார்கள். மாந்தரின் நெஞ்சு அதன் பிறகுதான். இத்தனை ஆண்டு அதை ஓதியும், ஒரு குழந்தையைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அவள் உடம்பின் மேல்தான் என் கண் போய் விழுந்தது. ஆகவே அவளை விட்டு, அவள் நடக்கும் தாழ்வாரத்திலிருந்து தொடங்குகிறேன்.

3

தாழ்வாரத்தின் நடுவே குளிர்பான இயந்திரம். ஆறாம் வகுப்பு வாசலிலிருந்து ஒன்பது காலடி. குடிநீர்க் குழாய்கள் கட்டடத்தின் பின்புறம். இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. இரண்டு குழாய்களில் ஒன்று வறண்டது. மைதானத்தின் இரும்புக் கதவு மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும்.

இவை பதினோராண்டாகச் செவிலியின் கண்ணில் பட்டவை, கருத்தில் பட்டதில்லை. அவளுடைய புகழ் வேறு. கூடத்தின் ஒரு முனையில் நின்று எடையை உரக்கச் சொல்வாள்; மறுமுனையில் வகுப்பாசிரியர் எழுதிக்கொள்வார். முந்நூறு பிள்ளைகளை ஒரே முற்பகலில் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குத் தலை நிமிர்ந்த பெருமை. (அதை நான் பறிக்கவில்லை. அவள் மகள் பறித்தாள்.)

அந்த ஆண்டு எடை பார்க்கும் நாளன்று மகள் படுக்கையை விட்டு எழவில்லை. வயிற்றுவலி என்றாள். செவிலி தொட்டு அழுத்திப் பார்த்தாள், வலி இல்லை. கெஞ்சினாள், மிரட்டினாள், பேருந்துக்கு நேரமாகிறது என்று புலம்பினாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"போன வருஷம் நீ கத்திச் சொன்ன நம்பரத்தாம்மா இன்னும் என் பேரா வச்சுக் கூப்பிடுறாங்க."

(அது என்ன எண் என்று — 

இல்லை. கேட்காதீர்கள்.)

அன்று செவிலி எடைக்கருவியை வெளியே எடுக்கவில்லை. வெற்று அட்டை ஒன்றோடு தாழ்வாரத்தில் காலடிகளை எண்ணி நடந்தாள். வயது என்ற இடத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினாள், கட்டடத்தின் வயது. நாட்பட்ட நோய்: இயந்திரம். அறிகுறி: வறண்ட குழாய், நான்கு மணிக்கு மேல் அசைவின்மை. மருந்து: இயந்திரத்தை அகற்றுக, வகுப்பு வாசல்தோறும் தண்ணீர் வைக்க, மைதானக் கதவை இருட்டும்வரை பூட்டற்க. எடை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

4

நகர்மன்றம் விளக்கம் கேட்டு அழைத்தது. வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே காதில் போட்டிருந்தார்.

"முந்நூறு அட்டை வரணும். ஒண்ணுதான் வந்திருக்கு," என்றார் மன்றத் தலைவர். "அதுலயும் ஆள் பேர் எழுதுற எடத்துல பள்ளிக்கூடத்துப் பேர். என்னம்மா இது?"

"நோயாளி அதுதாங்க ஐயா."

இயந்திரத்தை வைத்த கம்பெனிதான் விளையாட்டு விழாவுக்குச் சட்டை கொடுக்கிறது என்று அதுவரை விளக்கிக்கொண்டிருந்த உறுப்பினர் திரும்பினார். "அப்போ பத்தியம் யாருக்கு? கட்டடத்துக்கா?"

"உங்களுக்குத்தாங்க."

அவை சிரித்தது. தலைவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிள்ளையின் வாயை வீட்டில்தான் கட்ட வேண்டும் என்று உறுப்பினர் விடாமல் பேசினார். காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை அவர்கள் இருப்பது உங்கள் வீட்டில்தான் என்று செவிலி பதில் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காத ஒன்றைத் தானே எடுத்து வைத்தாள்.

"பதினோரு வருஷமா நம்பரக் கத்தினது நான்தாங்க. என் பொண்ணையும் ஏத்தி நிறுத்திக் கத்தினேன். அந்தக் குழாய யாரும் பாக்கல. நானும் பாக்கல."

(கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையுமே பெருமிதம் பிறக்கும் இடங்கள் என்பர் பழையோர். தன் தவற்றை அவையில் சொல்வதையும் அவ்வரிசையில் சேர்க்க எனக்கு உரிமை இருந்தால், இவளுக்காகச் சேர்ப்பேன்.)

5

முடிவுகள் இரண்டு எழுதிக் கிழித்தேன். முதலாவதில் செவிலிக்கு வேலை போயிற்று. அழகான சோகம், ஆனால் என் வசதிக்கானது. இரண்டாவதில் அவை எழுந்து நின்று கைதட்டியது. இயந்திரத்துப் பானத்தைவிட இனிப்பு அதிகம்.

கதையில் நிற்பது இது. அவள் வேலை தப்பியது. இயந்திரம் அம்மாதமே போயிற்று. தண்ணீர் முணுமுணுப்புகளோடு தாமதமாக வந்தது. கதவைத் திறந்துவைக்க ஒரே ஒரு வாக்குதான் மிகுதி; அது தலைவருடையது. எடைக்கருவி செவிலியின் அறையில் திரைக்குப் பின்னே போனது. எண் இப்போது அந்தந்தப் பிள்ளையின் காதுக்கு மட்டும்.

மகள் இளைத்தாளா என்று கேட்பீர்கள். அந்த எண்ணை எழுதினால் நானும் கூடத்தில் நின்று கத்தியவர்களில் ஒருவராவேன். வேண்டுமானால் உங்கள் தெருப் பள்ளிக்கு ஒருமுறை போய், வகுப்பு வாசலிலிருந்து குழாய்வரை நடந்து எண்ணிப் பாருங்கள். இக்கதையின் மிச்சத்தை அங்கே நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான் சொல்லக்கூடியது ஒரு மாலையை மட்டும். நான்கு மணி கடந்தது; இரும்புக் கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். எழுந்த புழுதியில் தன் மகள் எவள் என்று செவிலிக்குத் தெரியவில்லை. அவள் தேடவும் இல்லை. சந்நிதியில் திரை விலகக் கண்டவள்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, வாய் திறவாமல் நின்றாள்.

ஓடும் கால்கள் நோவாதிருக்க. விடாய்க்கு நீர் அருகிருக்க. பிள்ளைகள் வாழ்க, அவர்கள் வளரும் இடங்கள் நலம் பெறுக.