சந்தாலாவின் வீடு இறங்கிய வருடங்கள்

ஒனிஹங்கா என்ற துறைமுகப் புறநகரில் செல்வரத்தினத்தின் வீடு மேலே எழும்பத் தொடங்கிய அதே மாரிகாலத்தில்தான் பக்கத்திலிருந்த சந்தாலாவின் வீடு மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. வெண்ணெய் விலை கூடியதையும் துறைமுகத்துச் சேறு நாறியதையும் பேசுவதுபோலவே தெருவில் இதையும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பகுதி முழுவதும் எரிமலைக் கல், அதில் கடப்பாரைகூட இறங்காது, வீடு எப்படி இறங்கும் என்று ஒருவர் கேட்டாராம். இறங்குகிறதே என்று மற்றவர் சொன்னாராம். அதற்குமேல் அதில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டும் தகரக் கூரை போட்ட மரவீடுகள், குட்டையான கட்டைத் தூண்களில் நிற்பவை. எண்பத்து நான்காம் ஆண்டில் இரண்டு குடும்பங்களும் ஒரு மாத இடைவெளியில் அங்கே வாடகைக்கு வந்து சேர்ந்தன. செல்வரத்தினமும் குணவதியும் மகள் கௌரியோடு கொழும்புக் கலவரத்தைத் தாண்டி வந்தவர்கள். சந்தாலாவும் கணவன் பூன்மியும் மகள் நொய்யோடு லாவோஸிலிருந்து ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாமில் வருடக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள். பெண்கள் இருவருக்கும் ஒரே பிஸ்கட் ஆலையில் ஒரே வரிசையில் வேலை. செல்வரத்தினம் ஹோட்டலில் கோப்பை கழுவினார், பூன்மி கம்பளி ஆலையில் ஆட்டுமயிர் அலசினார். இரண்டு குசினி யன்னல்களும் நேரெதிரே, ஒரே உயரத்தில் இருந்தன. குணவதி கையை நீட்டிக் கறிவேப்பிலையைக் கொடுத்துக் கொத்தமல்லியை வாங்குவாள். சந்தாலா மூங்கில் கூடையில் அவித்த ஒட்டும் சோற்றை உருட்டிக் கௌரியின் உள்ளங்கையில் வைப்பாள். இருவருக்கும் இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான் என்று குணவதி அப்போது நினைத்திருந்தாள். தன்னுடையது ஆலைச் சத்தத்தில் துருப்பிடித்திருந்த முழு ஆங்கிலம் என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது.

செல்வரத்தினத்தின் கணக்கியல் சேட்டிபிக்கற்றுகளை இந்த நாடு ஏற்றுக்கொண்ட கிழமை வீடு முதல்தடவை எழும்பியது. வாசற்படி நிலத்தில் முட்டவில்லை. அவர் எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில் கணக்காளராகச் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம். வாடகை மோர்ட்கேஜ் ஆனபோது இன்னும் கொஞ்சம். தச்சனை அழைத்துப் படி கூட்டிக் கட்டினார்கள், அவன் அடுத்த வருடமும் வந்தான். தெருமுனையில் டெய்ரி என்னும் சில்லறைக் கடை வைத்திருந்த ராம்சாமி, ஃபிஜியிலிருந்து வந்தவர், பால் போத்தலை நீட்டியபடியே சிரிப்பார்.

“உங்க வீடு ஏறுதே சிஸ்டர், பால் வெலை மாதிரி. எங்க வீடு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. விடிய முந்தித் தெறந்து இருட்டின பொறவு மூடறேன். அது என்னைப் பாத்தாத்தானே ஏறும்?”

அந்த நாட்டில் ஜி.எஸ்.டி. வரி வந்த எண்பத்தாறாம் ஆண்டு கம்பளி ஆலை மூடப்பட்டது. அன்று சந்தாலாவின் வீடு ஒரு படி தாழ்ந்தது. பூன்மி ஊரில் ஆற்றங்கரைச் சிறுபட்டணம் ஒன்றின் தபால் அதிபராக இருந்தவர். அதைச் சொல்ல அவரிடம் ஒரு தாளும் இல்லை. இருந்தவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி நெஞ்சோடு அணைத்து நீந்தினார், பை ஓட்டையாகிவிட்டது. பிரெஞ்சு தெரியும், லாவோ தெரியும், இரண்டுக்கும் ஒனிஹங்காவில் வேலை இல்லை. கத்தரிக்காய் பிடுங்கும் தோட்டத்துக்கு ஒரு பருவம் போனார், அந்தப் பருவம் வீடு அசையாமல் நின்றது. பருவம் முடிந்ததும் பூச்செடிகள் யன்னல் விளிம்பைத் தொட்டன. ஏன் இறங்குகிறது என்று சந்தாலாவிடம் குணவதி ஒருமுறை கேட்டாள். மனிதருக்கு உயிர் ஒன்றல்ல, பல, அவற்றுக்குக் குவன் என்று பெயர், பயந்தால் சில வழியில் நின்றுவிடும் என்றாள் சந்தாலா. எங்களுடையவை ஆற்றங்கரையில் நின்றுவிட்டன, வீடு அவற்றைத் தேடிப் போகிறது. ரொட்டி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகிறேன் என்று சொல்லும் குரலில்தான் அவள் அதைச் சொன்னாள்.

யன்னல்கள் விலகின. முதலில் சந்தாலா கையை உயர்த்த வேண்டியிருந்தது. பிறகு கதிரையில் ஏறி நின்றாள். அதன்பிறகு குணவதி ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அரிசி போனது, கௌரிக்குச் சிறுத்த சட்டைகள் போயின. கூடை திரும்பி வரும்போது வெறுமையாக வந்ததே இல்லை, இரண்டு எலுமிச்சங்காயாவது கிடக்கும். அந்த எலுமிச்சங்காய்கள் குணவதியைத் தொந்தரவு செய்தன. கயிற்றை இழுக்கும்போது தன் கையில் ஒரு சுகம் ஊறுவதை அவள் கவனித்தாள். கீழே நிற்பவளின் உச்சி வகிடு தெரிகிற உயரத்திலிருந்து கொடுப்பது நேரே நின்று கொடுப்பது போன்றதல்ல, அதில் வேறொரு ருசி இருக்கிறது. அந்த ருசியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதை விடவும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வீடுகள் இப்படி ஏறுவதும் இறங்குவதும் மற்றத் தெருக்களிலும் நடந்தபடியால் மனுகாவில் மட்ட அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். இறங்கும் வீடுகளுக்கு ஜாக்கி வைத்துத் தூக்கப் புதுத் தூண்களும் ஆட்களும், அந்த வீட்டுப் பெண்களுக்கு ஆங்கில வகுப்பும் தருவதாகச் சொன்னார்கள். எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் அங்கிருந்து ஓர் அலுவலர் முக்காலியில் நிற்கும் கருவியோடு வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். ராம்சாமியின் வீட்டை அவர் அளக்கவில்லை. ஃபிஜிக்காரர் தீவுக்காரர், அவர்களுக்கு வேறு ஆள் வருவார் என்றார். மற்ற இரண்டும் ஏசியன் வீடுகள். குணவதி வீட்டுத் தளம் தெருவுக்கு எவ்வளவு மேலே என்று பார்த்தார், சந்தாலா வீட்டுத் தளம் எவ்வளவு கீழே என்று பார்த்தார், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார். பென்சிலைக் காதில் செருகும்போதே அவர் செய்தது என்னவென்று குணவதிக்குத் தெரிந்தது. சாவகச்சேரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே படிப்பித்த சராசரிக் கணக்கு அது. ஏசியன் வீடுகள் தெருவோடு சரிமட்டமாக நிற்கின்றன என்றார் அவர். பிறகு, அவள் ஆங்கிலம் பேசியதால் அவளிடமே கேட்டார்: உங்களுக்கெல்லாம் ஏதாவது தேவையா?

படலையில் அந்நியன் வந்து நின்று கேட்டால் யாழ்ப்பாணத்து வீடு சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் குணவதியின் தாய் அதைத்தான் சொன்னாள். “எங்களுக்கு ஒரு குறையுமில்லை” என்று குணவதி ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோலக் கீழே பார்த்தாள். யன்னலுக்குப் பின்னாலிருந்து, கழுத்துக்கு மேலே மட்டும் தெரிய, சந்தாலா சிரித்தாள். “போ பென் யாங்” என்றாள். பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். காலில் கொதிநீர் கொட்டினாலும் அவர்கள் முதலில் சொல்வது அதுதான். அலுவலர் இருவருக்கும் வாழ்த்துச் சொன்னார். குணவதி அவருக்குத் தேநீரும் ரவைக் கேக்கும் கொடுத்து அனுப்பினாள்.

தூண்களும் வகுப்பும் வேறு தெருவுக்குப் போயின. நொய்க்கு வாசிப்பில் தனி உதவி வேண்டுமென்று பூன்மி பாடசாலையில் சைகையால் கேட்டபோது, ஏசியன் பிள்ளைகள் தாமாகவே மேலே வந்துவிடுவார்கள் என்று சிரித்து அனுப்பினார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய பிள்ளை கௌரி. அன்று மழை பெய்தது, சந்தாலாவின் வாசல் முழுவதும் நிலத்துக்குள் போயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் யன்னலால் புகுந்து ஏணியில் இறங்கினார்கள். தபால்காரர் குந்தியிருந்து கடிதம் போட்டார்.

குணவதிக்கு நித்திரை கெட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று தன்னையே கேட்டாள். மானம் என்ற விடை உடனே வந்தது, அவள் அதை நம்பவில்லை. இன்னும் தோண்டிப் பார்த்தாள். சரிமட்டம் என்று அந்த மனிதர் சொன்னபோது நெஞ்சில் ஏதோ குளிர்ந்ததே, அதுதான் விடை. சந்தாலாவைத் தனியே அளக்கச் சொன்னால் தன்னையும் யாராவது தனியே அளப்பார்கள், கோப்பை கழுவியவரின் பெண்சாதி, பிஸ்கட் அடுக்கியவள், விசாவுக்காக வரிசையில் அழுதவள் என்று கண்டுபிடிப்பார்கள். ஏசியன் என்ற சொல்லுக்குள் நின்றால் உயரம் மட்டும் தெரிந்தது. அந்த உயரத்துக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

பஸ் பிடித்து மனுகாவுக்குப் போனாள். அதே அலுவலர் அவளை நினைவு வைத்திருந்தார், கேக்கையும் மறக்கவில்லை. நான் சொன்னது பொய், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே அளவுங்கள் என்றாள். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கருவி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, ஏசியனுக்கு ஒரு மட்டம்தான் வரும் என்றார். உங்கள் வீட்டை எடுத்துவிட்டால் உங்கள் ஆட்கள் எல்லோரும் தெருவுக்குக் கீழே போய்விடுவார்கள், அது உங்களுக்குத்தான் அவமானம் இல்லையா? அவள் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஊரில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் கரும்பலகைக்குக் கூப்பிட்டு விளங்கப்படுத்தியிருப்பாள்.

அவள் திரும்பி வந்த பின்னேரம் சந்தாலா வீட்டில் சடங்கு. பூன்மி வேலை தேடிச் சிட்னிக்குப் போகிறார். வழிப்போகிறவரின் உயிர்களை அழைத்து உடம்பில் இருத்தி, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி அனுப்புவது அவர்கள் வழக்கம். குணவதி சேலையைச் சொருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். அவ்வளவு நாளும் கூடைதான் இறங்கியது, அவள் இறங்கியது அதுதான் முதல்தடவை. உள்ளே மண்வாசம். யன்னல் கண்ணாடியில் புல்வேர்கள் ஒட்டிக்கிடந்தன. வாழையிலைக் கோபுரத்தைச் சுற்றி நாலைந்து பேர் இருந்தார்கள். பூன்மிக்குக் கட்டி முடித்ததும் சந்தாலா நீளமான ஒரு நூலை எடுத்து நடுத்தூணில் கட்டினாள். “வீட்டுக்கும் பயம் அக்கா” என்றாள். கௌரி நொய்க்குப் பழக்கி, அவளிடமிருந்து தாய்க்கும் வந்த சொல் அந்த அக்கா. பிறகு நூலின் மற்ற முனையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குணவதி அதை வாங்கினாள். ஏணியில் ஏறினாள், முற்றத்தைக் கடந்தாள், தன் வீட்டு முன்தூணில் கேதாரகௌரி விரதத்துக் காப்புக் கட்டுவதுபோல முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டினாள். தையல் நூலைவிடச் சற்றே தடித்த பருத்தி நூல் அது. வீடு முனகியது. எழும்புவது நின்றது. பிறகு மெதுவாக, நித்திரை தூங்குபவரின் தலைபோல, சந்தாலாவின் பக்கம் சாய்ந்தது. கீழே, கூரை விளிம்பு புல்லைத் தொட இருந்த இடத்தில், சந்தாலாவின் வீடும் நின்றது.

செல்வரத்தினம் கந்தோரால் வந்து, சாய்ந்திருந்த கூடத்தில் சறுக்கி, சுவரைப் பிடித்து நின்றார். போய்க் கத்தரிக்கோலோடு வந்தார்.

“இஞ்சேரும், உமக்கு விசரே? பாங்க்காரன் பாத்தா என்ன சொல்லுவான்? இதை அறுத்துவிடும்.”

“அறுத்தா அவளின்ரை முகடும் போயிடும்.”

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நான் ஆரிட்டையும் கைநீட்டேல்லை. என்ரை படிப்பில ஏறினனான்.”

“ஓம். உங்கட சேட்டிபிக்கற் பிளேனில வந்தது. அவரின்ரை ஆத்தில நனைஞ்சு போச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“அவ்வளவுதானோ?”

“பின்னை என்ன? அவருக்குப் பிரெஞ்சு படிப்பிச்சவங்கள், உங்களுக்கு இங்கிலீஷ் படிப்பிச்சவங்கள். இஞ்ச பிரெஞ்சுக்காரன் வந்திருந்தா நீங்கள்தான் ஏணியால இறங்கியிருப்பியள்.”

செல்வரத்தினம் விரித்திருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். அவருக்குப் பதில்கள் இருந்தன, நல்ல பதில்கள். கோபத்தோடுதான் அதை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார்.  மறுநாள் காலையில் பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்து மடித்துச் சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில் வைத்தார்.

பூன்மி சிட்னியிலிருந்து முதலில் அடிக்கடி எழுதினார், பிறகு எப்போதாவது. சந்தாலா வீட்டிலேயே தையல் தைத்தாள். அவளுடைய வீடு அதற்கு மேல் இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. நொய் பாடசாலை விட்டதும் சாய்ந்த கூடத்துக்கு வந்து குணவதியிடம் வாசிக்கப் பழகினாள். பென்சில் எப்போதும் உருண்டோடும், அதைக் காலால் தடுத்துக்கொண்டே வாசிப்பாள். சாய்ந்ததில் குசினி யன்னல்கள் கொஞ்சம் கிட்ட வந்திருந்தன, கூடை தேவைப்பட்டாலும் கயிறு குறைந்தது. பறவைகள் அந்த நூலில் இருந்ததில்லை. புல் வெட்ட வருபவன் குனிந்து போகப் பழகிக்கொண்டான்.

எண்பத்தொன்பதில் மட்ட அலுவலர் கருவியோடு மறுபடி வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கூட்டிப் பாதியாக்கினார். ஏசியன் வீடுகள் முன்பு போலவே சரிமட்டம் என்றார். ராம்சாமி கடை வாசலில் நின்று, “என்னை இன்னும் கடல்லதான் போட்டிருக்கானா சிஸ்டர்?” என்று கேட்டுச் சிரித்தார். அலுவலர் நூலுக்குக் கீழே குனிந்து போகும்போது தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டார். அது என்ன நூல் என்று அவர் கேட்கவில்லை.

தைப்பொங்கலன்று பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது வழக்கம். குணவதி வீட்டில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அது எப்போதும் சந்தாலாவின் பக்கமே வழிந்தது. குணவதி அடுப்பின் அந்தப் பக்கத்தைத் துடைத்துவிட்டு, முதல் கரண்டிப் பொங்கலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஏணிக்குப் போவாள்.