ஓடிக்கொண்டிருந்த கேமரா

நண்பனுக்குத் துரோகம் செய்யும் ஒருவனைப் பற்றிப் படம் எடுக்கத்தான் ஒட்டடை கிளம்பினான். ஆள் ஒல்லி, எந்த வாசலிலும் தலை இடிக்கிற உயரம். அதனால் கல்லூரியில் அந்தப் பெயர். சினிமா வகுப்பின் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்டியாக வேண்டும். கதையை எழுதி முடித்ததுமே, ஏமாற்றப்படுகிற நண்பனாக நடிக்க அவன் நேரே போய்ப் பிடித்தது சோடாவை. தடிக் கண்ணாடிக்காரனான சோடா பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு உயிர்; இப்போதும் அதே வகுப்பு.

"எனக்கு நடிப்பு வராதுடா."

"அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன். நடிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் மூஞ்சியைப் போட்டுப் பிழியுறான்."

வராது என்று சோடா சொன்னது சத்தியம். மூடிக்கிடந்த ஒரு அச்சகத்தின் மாடியில் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று அவன் உடைந்துபோக வேண்டும். அவனோ பஸ்ஸில் பக்கத்து ஆளைத் தள்ளி உட்காரச் சொல்வதுபோலச் சொன்னான். திரும்பத் திரும்ப எடுத்தும் தேறவில்லை. விளக்குச் சூட்டில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஒட்டடை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தான். கேமரா ஸ்டாண்டில் நின்றது. அதன் சிவப்பு விளக்கு அணையவில்லை. ஒட்டடை அதைப் பார்க்கவும் செய்தான்.

"நெஜமாவே உனக்கு வலிக்கிற ஏதாவது ஒண்ணை நெனச்சுக்கோ."

சோடா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணன் அப்பாகூட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனான்ல? அப்புறம் ஒரு தடவை போன் பண்ணான்டா. திரும்பி வரட்டுமான்னு கேட்டான். நான்தான் எடுத்தேன். வராதே, இப்பதான் வீடு நிம்மதியா இருக்குன்னு சொல்லி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவன் கூப்பிடவே இல்ல. அம்மா இன்னும் அவன் சட்டையைத் தேய்ச்சு மடிச்சு வெக்கிறாங்க. அவங்களுக்கு இது தெரியாது."

முகத்தை மூடிக்கொள்ளாமலே அழுதான். ஒட்டடை அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் கண் கலங்கியது. அதில் பொய் இல்லை. ஆனால் மனசின் ஒரு மூலை, சோடாவின் கன்னத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தை எடிட் செய்தவள் அவர்களுடைய வகுப்புத் தோழி. அந்தத் துண்டைப் பார்த்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இது நடிப்பு இல்லையே. அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டுட்டேன். சரின்னுட்டான்."

நாக்கு கூசாமல் வந்தது. கதையில் இரண்டு வரியை மாற்றினால் அண்ணன் விஷயம் கச்சிதமாகப் பொருந்தியது. சோடாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்தினான். படம் பார்த்தால் அவனே புரிந்துகொள்வான் என்று தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டான். திரையிடலுக்கு வீட்டாரும் வருவார்கள் என்பதை மட்டும் எப்படியோ நினைக்காமல் பார்த்துக்கொண்டான்.

சோடாவின் அம்மா வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். "ஹீரோவோட அம்மாவுக்கு முன் வரிசைதானேப்பா?" என்று சிரித்தபடி மகனுக்கும் ஒட்டடைக்கும் நடுவில் உட்கார்ந்தார். திரையில் மகன் முகம் பெரிதாக வந்ததும், "பாரேன், என்னமா நடிக்கிறான்!" என்று ஒட்டடையின் கையைத் தட்டினார். அடுத்து அண்ணன் என்ற சொல் வந்தது. தட்டிய கை அப்படியே நின்றது. சட்டையைத் தேய்த்து மடிப்பது பற்றிய வரி வந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் மகனைப் பார்த்தார். சோடாவின் தலை குனிந்திருந்தது.

விளக்கு எரிந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. "அந்த ஒரு ஷாட் போதும்ப்பா, நீ பொழச்சுக்குவே," என்றார் பேராசிரியர். ஒட்டடைக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

வெளியே, தாழ்வாரத்தில் அம்மா மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை.

"எந்த ஊர்லேருந்து கூப்பிட்டான்?"

"நான் அவனைப் பேசவே விடலம்மா."

ஒட்டடை பக்கத்தில் போய் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் தெரிஞ்சிருக்கு. நீயும் எங்கிட்ட சொல்லலியேப்பா."

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனான். சோடா கதவைச் சாத்திவிட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தான்.

"மன்னிச்சுடுடா. உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதானே நீ கேக்கல?" சோடாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அண்ணனை வராதேன்னது நான். தப்பு என்னோடது. அதை அம்மாகிட்ட நானே சொல்றதையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கலாம்."

சோடா உள்ளே போய்விட்டான்.

அன்றே ஒட்டடை எடிட்டிங் அறைக்குப் போய் அந்த ஷாட்டை வெட்டச் சொன்னான். சோடாவிடம் தான் கேட்கவே இல்லை என்பதையும் சொன்னான். தோழி நாற்காலியைத் திருப்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஷாட்டை வெட்டிடலாம். எங்கிட்ட பொய் சொன்னே பாரு, அதை வெட்ட இந்த கம்ப்யூட்டர்ல வசதி இல்ல." வெளியூர் திரைப்பட விழா ஒன்று படத்தைக் கேட்டிருந்தது. வெட்டிய படத்தை அனுப்பினான். உப்புச்சப்பில்லாமல் இருந்தது, திருப்பிவிட்டார்கள். பேராசிரியர் அவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

அம்மாவும் மகனும் அண்ணனின் பழைய கூட்டாளிகள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள் என்று தோழி மூலம் தெரிந்தது. சோடா வகுப்பில் இடம் மாற்றி உட்கார்ந்தான். பரீட்சை முடிந்த நாளில் மாடிப்படியில் தோழி ஒட்டடையை நிறுத்தினாள்.

"அவன் அண்ணன் கிடைச்சுட்டானாம். வீட்டுக்கு வந்துட்டான்."

ஒட்டடைக்கு உடம்பே லேசானது. கூடவே, 'என் படத்தாலதானே' என்று மனசு தலை நீட்டியது. சோடாவிடம் ஓடிப்போய்ச் சொல்லக்கூட அது தயாராக இருந்தது. அரங்கில் கைதட்டல் கேட்டபோது பட்ட வெட்கத்தைவிட இது மோசமாக இருந்தது. தோழியின் முகத்தைப் பார்க்க முடியாமல், "நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.