அனில்குமார் கேட்ட நோன்புக் கதை

ஆடிச் செவ்வாய் நோன்பு அந்த வருடம் சுபிதாவின் வீட்டு முறை. தெருவிலுள்ள கல்யாணமான பெண்கள் பகலில் கூடி, உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, நோன்பு பிறந்த கதையைச் சொல்வார்கள். ஆண்கள் பார்க்கவோ கேட்கவோ கூடாது.

அவள் கணவன் அனில்குமார் ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் வேலை செய்யும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் படுத்து வருடங்களாகிவிட்டன. தம்பி முருகதாஸ் உதவிக்கு வரட்டுமா என்று எத்தனையோ முறை கேட்டான். வேறொருவர் தன்னைத் துடைப்பதற்கு அனில்குமார் சம்மதிக்கவில்லை. எல்லாம் சுபிதாதான். வேலை பார்க்கும் துணிக்கடையில் நின்றபடியே அவளுக்குக் கண் சொருகும்.

மாவு பிசையும்போது பக்கத்து வீட்டு அஞ்சு தயங்கிக் கேட்டாள்.

"மைனி, அண்ணன் உள்ள கெடக்காவல்லா. பிடிச்சு எங்க வீட்டுல கொண்டு கெடத்துவமா?"

"தூக்கினா முதுகுப் புண்ணு பொளந்திரும் மக்கா. கதவச் சாத்து, போதும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

சுபிதா கதையைத் தொடங்கினாள். ஒரு ஊரில் ஒருத்தி. புருஷன் எழ முடியாமல் கிடந்தான். பகலெல்லாம் வயலில் பாடுபட்டு, ராத்திரியெல்லாம் அவனுக்குக் காவல் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். வீட்டில் உப்புகூட இல்லை. இருந்த பச்சரிசியை இடித்து அவித்துக் கொடுத்தாள். தின்ற கிழவி, "செவ்வாய்தோறும் இப்படியே செய்" என்று சொல்லி மறைந்தாள். அவளும் செய்தாள். புருஷன் எழுந்தான். அன்றிலிருந்து பெண்களுக்கு இது நோன்பாயிற்று.

'எழுந்தான்' என்ற இடத்தில் சுபிதாவின் குரல் தேய்ந்தது. அஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போனபின் கதவைத் திறந்தாள். அவன் விழித்தே கிடந்தான்.

"கேட்டியளா?"

"காத எங்க கொண்டு வைக்க?" என்றான். சற்றுப் பொறுத்து, "அவன் எந்திரிச்சது சரி. அந்தப் பொம்பள எப்பம் ஒறங்கினா?"

"கதையில அது இல்ல."

அவன் அவளுடைய சொருகும் கண்களைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

"போன எடு. முருகதாஸ வரச் சொல்லுகேன். கொஞ்ச நாளு அவன் பாக்கட்டு. நீ ஒங்க அம்ம வீட்டுல போயி ஒறங்கு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். போனைக் கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். மறுமுனையில் முருகதாஸ் "அண்ணே" என்பதற்குள் அவள் தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்துவிட்டது.

அனில்குமார் குரலைத் தாழ்த்திப் பேசினான்.