நாகப்பன் நின்ற தேர்தல்

வடக்குப்பட்டு மரகதத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. தேர்தல் முடிந்தால் ஊரார் கொடியைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவார்கள். அவளோ சட்டை பேட்ஜ், சின்னம் போட்ட விசிறி, அட்டைத் தொப்பி என்று பொறுக்கிக்கொண்டு வருவாள். ஜெயித்த கட்சி, தோற்ற கட்சி என்ற பேதமே கிடையாது. பழசு வேண்டுமென்றால் பட்டணத்துக்கு பஸ் ஏறி, மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்குவாள். தையல் மிஷின் மிதித்துச் சம்பாதிப்பதெல்லாம் தகரத்துக்குப் போகிறதே என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். டிரங்குப் பெட்டி நிரம்பிவிட்டது. அதில் இல்லாதது அவள் அப்பாவின் பேட்ஜ்தான்.

அவள் சிறுமியாக இருந்தபோது அப்பா நாகப்பன் பஞ்சாயத்துத் தேர்தலில் ஏணிச் சின்னத்தில் நின்றார். விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஓட்டு விழுந்தது. அவமானம் தாங்காமல், மிச்சமிருந்த பேட்ஜுகளை மூட்டை கட்டிச் செம்பரம்பாக்கம் ஏரியில் போட்டுவிட்டு வந்தார். கெட்ட நேரம், அதே மாதம் மாமனார் ஒரு ஜோடி உழவுமாடு அனுப்பிவைத்தார். போதாதா ஊருக்கு? ஜெயித்தவரிடம் மாட்டை வாங்கிக்கொண்டு நாகப்பன் வாபஸ் வாங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. போகப்போக, ஓட்டுப் போட்டவர்களே அதை நம்ப ஆரம்பித்தார்கள். மனிதர் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

வாபஸ் கெடு முடிந்த பிறகுதான் சின்னம் தருவார்கள் என்பது மரகதத்துக்குத் தெரியும். அப்பா பேர் போட்ட ஏணி ஒன்று கிடைத்துவிட்டால் ஊர் வாயை அடைத்துவிடலாம். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் குப்பை கிளறினாள்.

ஜெயித்தவரின் மகன் கோதண்டம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டாமல் போகமாட்டான்.

"எல்லாருதும் வெச்சிருக்க. உங்கப்பன்து எங்கம்மா? நின்னிருந்தாத்தான கெடைக்கும்."

எண்பத்து மூன்றாம் வருஷம் மாட்டுப் பொங்கல். டிராக்டர் வாங்கிய பிறகும் ஊர்வலத்தில் பவிசு காட்டவே கோதண்டம் ஒரு காளை வைத்திருந்தான். அவன் வீட்டில் மாடு மாறும், மாட்டு நெற்றியில் கட்டும் தோல் பட்டை மாறாது. பொங்கலுக்குப் பொங்கல் அதன்மேலேயே சிவப்புப் பெயின்ட் பூசிவிடுவார்கள், வேலை முடிந்தது. காளை தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் மரகதம் வாழைப்பழம் கொடுத்து, நெற்றியில் குங்குமம் வைத்தாள். பட்டையின் நடுவே விரலில் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. தகரம். வட்டம். ஆயிரம் பேட்ஜைத் தடவிய விரல் ஏமாறுமா?

பட்டையைக் கொடுக்கும்படி எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். குப்பை பொறுக்குகிறவளுக்கு இன்னொரு குப்பை என்று கோதண்டம் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தான். மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெயை ஊற்றி, கத்தரிக்கோல் முனையால் சுரண்டினாள். ஒவ்வொரு பொங்கலாக உரிந்து விழுந்தது. முதலில் ஏணியின் ஒரு கால் தெரிந்தது. அப்புறம் எழுத்து: 'நாகப்பனுக்கே உங்கள் ஓட்டு.'

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கோதண்டத்தின் பெரியப்பா பாண்டுரங்கன் கிட்டே வந்து பார்த்தார். "உங்கப்பன்தான்டா குத்தினான். ஜெயிச்ச அன்னிக்கு, நாகப்பனக் கேலி பண்றதுக்கோசரம். நானே மறந்துட்டேன்."

மரகதம் பேட்ஜை உயர்த்திக் காட்டினாள்.

"எங்கப்பா நின்னாரா நின்னாரான்னு கேட்டுகினே இருந்தியேண்ணா. உன் வூட்டு மாடுங்கதான் வருசா வருசம் ஊர் பூரா அவருக்கு ஓட்டு கேட்டுகினு போயிருக்குது."

சிரிப்பு தெருக்கோடி வரை போயிற்று.

மகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நாகப்பன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். மகள் நீட்டியதை வாங்கிப் பார்த்தார். மேல்துண்டில் குத்திக்கொண்டு, காளைக்கு முன்னால் போய் நின்றார். மேளக்காரர்கள் அவர் நடக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு ஊர்வலம் அவர் பின்னால் போனது.

மரகதத்தின் பெட்டியில் அந்த பேட்ஜ் இன்றைக்கும் கிடையாது.